ஸ்கிட் ஸ்டீர் லோடரில் ஹைட்ராலிக் விளக்கு எரிகிறதா? எப்போது எரிகிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்கிட் ஸ்டீர் லோடரில் (நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் சிறிய லோடர் வண்டி) ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பின், விளக்கு எரிந்ததும் சிலர் "சென்சார் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். வேறு சிலர் "பம்ப் போச்சு" என்று முடிவு செய்து, விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டுமே ஊகம்தான். விளக்கு எந்த நேரத்தில், எந்தச் சூட்டில், எந்த வேலையின்போது எரிகிறது என்று கவனித்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதியை ஒரு பிரஷர் கேஜும் ஒரு மல்டிமீட்டரும் சொல்லிவிடும். அதனால் இந்த வழிமுறையைப் பாகம் பாகமாக இல்லாமல் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் தெரிகிற அறிகுறி எதுவோ, நேராக அங்கே போகலாம். ஆனால் அதற்கு முன் வரும் நான்கு பகுதிகளை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

எந்த விளக்கு என்று முதலில் தெரிய வேண்டும்

"ஹைட்ராலிக் லைட்" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, பெரும்பாலான வண்டிகளில் அது மூன்று வேறு விஷயங்களில் ஒன்றைக் குறிக்கும்: ஆயில் சூடு அதிகம், ஃபில்டர் அடைப்பு, சார்ஜ் பிரஷர் குறைவு. தெர்மாமீட்டர் படம் போட்டிருந்தால் சூடு. ஃபில்டர் படத்தில் குறுக்கே அம்பு அல்லது புள்ளிக்கோடு இருந்தால் அடைப்பு. அழுத்தத்தைக் காட்டும் படம் இருந்தால் சார்ஜ் பிரஷர். சில வண்டிகளில் ஒரே விளக்குதான் இருக்கும், விவரம் கோடாக (எழுத்தும் எண்ணுமான குறியீடாக) டிஸ்பிளேயில் வரும். அந்தக் கோடை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள், அல்லது படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொருளை உங்கள் வண்டியின் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் கோடு இன்னொரு கம்பெனி வண்டியில் வேறு பொருள் தரும்.

சார்ஜ் பிரஷர் என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல இடங்களில் அது வரும். ஸ்கிட் ஸ்டீரில் கியர்பாக்ஸ் கிடையாது. இடது சக்கரங்களுக்கு ஒன்று, வலது சக்கரங்களுக்கு ஒன்று என இரண்டு டிரைவ் பம்புகள் இருக்கும். ஒவ்வொரு பம்புக்கும், சக்கரங்களைச் சுழற்றும் அதன் ஹைட்ராலிக் மோட்டாருக்கும் இடையே ஆயில் ஒரு மூடிய வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை நடக்கும்போது பம்பிலும் மோட்டாரிலும் கொஞ்சம் ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிந்து டேங்குக்குத் திரும்பும். அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு சிறிய சார்ஜ் பம்ப் தொடர்ந்து புதிய ஆயிலை உள்ளே தள்ளுகிறது. அந்த அழுத்தம்தான் சார்ஜ் பிரஷர். டிரைவ் வட்டத்தின் அழுத்தம் முன்னூறு பாரைத் தாண்டிப் போகலாம். சார்ஜ் பிரஷர் பொதுவாகப் பத்திலிருந்து இருபத்தைந்து பார் வரைதான். எண் சின்னதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் டிரைவ் பம்பின் பிஸ்டன் ஷூக்கள் (பிஸ்டன் நுனியிலுள்ள பாதங்கள்) அவை வழுக்கிச் செல்லும் தட்டிலிருந்து எழும்பி மோதத் தொடங்கும். பித்தளைத் தூள் உதிர்ந்து அதே மூடிய வட்டத்தில் சுற்றி மோட்டாரையும் கெடுக்கும். பல வண்டிகளில் பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பதும் இதே அழுத்தம்தான்.

எரிந்த உடனே என்ன செய்வது

சூடு விளக்கு என்றால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டாம். பக்கெட்டைத் தரையில் இறக்கி, ஆக்சிலரி ஹைட்ராலிக்கை (பக்கெட்டுக்குப் பதில் மாட்டும் அட்டாச்மென்ட் கருவிகளுக்கு ஆயில் தரும் லைனை) நிறுத்தி, லோடு இல்லாமல் ஐடிலில் சில நிமிடம் விடுங்கள். ஃபேன் சுற்றி, ஆயில் கூலர் வழியாக ஓடினால்தான் சூடு இறங்கும். ஆயில் ஒழுகுவது தெரிந்தாலோ, பம்ப் அலறினாலோ, எஞ்சின் சூடும் ஏறினாலோ காத்திருக்காமல் அணைத்துவிடுங்கள்.

சார்ஜ் பிரஷர் விளக்கு என்றால் பேச்சே இல்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். "இந்த ஒரு லோடை மட்டும் கொட்டிவிட்டு வருகிறேன்" என்பது ஒரு ஃபில்டரோடு முடிந்திருக்க வேண்டிய செலவை இரண்டு பம்பு, இரண்டு மோட்டார் என்று ஆக்கிவிடும். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஃபில்டர் விளக்கு மட்டும் என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. எவ்வளவு என்று கீழே பார்க்கலாம்.

கை வைப்பதற்கு முன்

ஆம் (பக்கெட்டைத் தாங்கித் தூக்கும் இரும்புக் கை) தூக்கிய நிலையில் அதன் கீழே தலையோ கையோ போகக் கூடாது. அடியில் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்றால், வண்டியோடு வந்த ஆம் சப்போர்ட்டை மாட்டிய பிறகுதான். ஹைட்ராலிக்கின் மீது நம்பிக்கை வைத்து, மரக்கட்டையை முட்டுக் கொடுத்துச் செய்கிற வேலை அல்ல இது. எஞ்சினை அணைத்த பின்னும் ஹோஸ்களில் அழுத்தம் தங்கியிருக்கும். ஆம், பக்கெட் இரண்டையும் தரையில் இறக்கி, சாவியை ஆனில் வைத்து, மேனுவல் சொல்கிறபடி லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடுவியுங்கள்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை போன்ற ஓட்டையிலிருந்து வரும் ஆயில், 100 பாருக்கு வெகு கீழேயே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறிய புள்ளி மட்டும்தான் தெரியும், முதலில் வலிகூட பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அப்படி நடந்துவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் வந்த ஆயில் தோலுக்குள் போய்விட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். சந்தேகப்படும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் அதில் ஈரம் தெரியும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் ஐந்து நிமிடம்

சமதளத்தில், ஆம் இறக்கி, பக்கெட் தரையில் இருக்கும்படி நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். ஆம் தூக்கியிருக்கும்போது சிலிண்டர்களுக்குள் போன ஆயில் அளவாகக் காட்டாது. அந்த நிலையில் பார்த்து நிரப்பினால் அதிகமாகிவிடும்.

அடுத்து நிறம். சைட் கிளாஸில் (ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியில்) பால்போலத் தெரிந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது. கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அசையாமல் வையுங்கள். காற்று என்றால் கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துவிடும். தண்ணீர் என்றால் கலங்கலாகவே இருக்கும். கருகிய வாடையும் கருத்த நிறமும் இருந்தால், அந்த ஆயில் பல நாளாக அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்வதில் பயனில்லை.

பிறகு வண்டியின் அடிப்பகுதி. பெல்லி பேன் எனும் அடித்தகட்டுக்கு மேல் மண்ணும் ஆயிலும் சேர்ந்து கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிட் ஸ்டீரில் கசிகிற ஆயில் பெரும்பாலும் தரைக்கு வராமல் அந்தத் தகட்டிலேயே தங்கிவிடும். தரை சுத்தமாக இருப்பதைப் பார்த்துக் கசிவு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

சாவி போட்டதும் எரிகிறது, ஸ்டார்ட் ஆன பிறகும் அணையவில்லை. ஆனால் வண்டி நன்றாக வேலை செய்கிறது

சாவியை ஆனில் வைத்ததும் எல்லா விளக்கும் ஒரு கணம் எரிவது சோதனைக்காக. ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாமல் நின்று, இழுவை, சத்தம், வேகம் எல்லாம் வழக்கம்போல இருந்தால் மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் சார்ஜ் பிரஷர் விளக்கு என்றால் கேஜ் மாட்டி அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். "ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்பது போதாது.

பழைய வண்டிகளில் சார்ஜ் பிரஷருக்கு இருப்பது சாதாரண ஸ்விட்ச். அழுத்தம் இல்லாதபோது அது வயரைச் சேசிஸோடு இணைத்து விளக்கை எரிய வைக்கும், அழுத்தம் ஏறியதும் விலகிவிடும். அந்த ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். கழற்றிய பிறகும் எரிந்தால் வயர் எங்கோ தோல் உரிந்து சேசிஸில் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆம் மூட்டுகளுக்குப் பக்கத்திலும், கேபின் தூக்கும் இடத்திலும், எஞ்சின் பின்கதவு கீலுக்கு அருகிலும் வயரிங் உரசுவது சகஜம். முதலில் அந்த மூன்று இடங்களைப் பாருங்கள். கழற்றியதும் அணைந்தால், ஸ்விட்ச் கெட்டிருக்கிறது அல்லது நிஜமாகவே அழுத்தம் இல்லை. எது என்று கேஜ் சொல்லும்.

புதிய வண்டிகளில் மூன்று வயர் சென்சார் இருக்கும். ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். கனெக்டரைக் கழற்றினால் விளக்கு அணையாது, வேறொரு கோடு வரும். இங்கே 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று கனெக்டரில் அளந்து பார்ப்பதுதான் வழி. இரண்டும் சரியாக இருந்து, கேஜிலும் அழுத்தம் சரியாக இருந்தால் சென்சாரை மாற்றலாம்.

வெப்பச் சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் (மின்தடை) குறையும். அதனால் வயர் எர்த்தில் தொட்டால் ஆயில் பயங்கரச் சூட்டில் இருப்பதாகக் காட்டும். வயர் அறுந்தால் குளிர்ந்திருப்பதாகக் காட்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த அடுத்த நிமிடமே சூடு விளக்கு எரிகிறதென்றால் ஆயில் உண்மையில் சூடாகியிருக்க வாய்ப்பே இல்லை, வயரைத் தேடுங்கள்.

சம்பந்தமில்லாத பல விளக்குகள் சேர்ந்து மின்னினால் எர்த்தைப் பாருங்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள எர்த் ஸ்ட்ராப் துருப்பிடித்தாலே ஆளுக்கொரு கோடு வரும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

காலையில் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது

இது பெரும்பாலும் ஃபில்டர் விளக்கு. ஆயில் குளிரில் கெட்டியாகிவிடும். ஐஎஸ்ஓ விஜி 46 ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் அது 7 அளவுக்கு இறங்கும். சாதாரண விஜி 46 ஆயில் பூஜ்யம் டிகிரியில் 40 டிகிரியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டி ஆயில் சுத்தமான ஃபில்டர் வழியாகக்கூட சுலபமாகப் போகாது. இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் ஏறும், விளக்கு எரியும்.

ஐடிலில் சில நிமிடம் சூடேற்றி, பிறகு மெதுவாக ஆம், பக்கெட் இரண்டையும் அசைத்து ஆயிலைச் சுழலவிட்டால் அணைய வேண்டும். அணைந்தால் கவலை வேண்டாம். ஆனால் முன்பு இரண்டு நிமிடத்தில் அணைந்தது இப்போது பத்து நிமிடம் எடுக்கிறது என்றால் ஃபில்டர் நிரம்பிக்கொண்டு வருகிறது. சூடான பிறகும் எரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஃபில்டர் அடைந்தால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக உள்ளே போகும். வண்டி நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும், தூசி மட்டும் பம்புக்குள் போய்க்கொண்டிருக்கும். ஃபில்டர் விளக்குக்கு அவகாசம் உண்டு என்றேன் இல்லையா, அந்த அவகாசம் அந்த ஷிஃப்ட் முடியும் வரைதான்.

குளிர்காலம் வந்ததும் இந்தத் தொல்லை தொடங்கி, மற்ற மாதங்களில் இல்லை என்றால், டேங்கில் இருக்கும் ஆயிலின் கிரேடு அந்தச் சூழலுக்குச் சரியா என்று மேனுவலில் பாருங்கள். சில கம்பெனிகள் ஹைட்ராலிக் ஆயில் கேட்கும், சில எஞ்சின் ஆயிலையே ஹைட்ராலிக்குக்கும் போடச் சொல்லும். கையில் கிடைத்ததை ஊற்றி நிரப்பிய டேங்குகளில்தான் இந்த விளக்கு அடிக்கடி எரிகிறது.

வேலை செய்யச் செய்ய சூடேறி, சூடு விளக்கு எரிகிறது

எனக்குத் தெரிந்து அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த அறிகுறிதான். கூலர் அடைந்திருக்கிறது என்று சுத்தம் செய்கிறார்கள், கொஞ்சம் குறைகிறது, மறுபடி வருகிறது. கூலர் சூட்டை வெளியேற்றும் இடம் மட்டுமே. சூடு எங்கே உற்பத்தியாகிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயில் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் வால்வு) வழியாக டேங்குக்குத் திரும்பினால், அது செய்யாமல் விட்ட வேலை முழுவதும் சூடாக மாறும். அழுத்தத்தை பாரிலும் ஓட்டத்தை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி, 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 210 பார், 75 லிட்டர் என்று வைத்தால் 26 கிலோவாட். டேங்கில் 50 லிட்டர் ஆயில் இருந்து கூலர் எதையும் எடுக்காவிட்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 டிகிரி ஏறும். 60 டிகிரியில் இருந்த ஆயில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் 100ஐத் தொட்டுவிடும். எந்தக் கூலரும் இதைச் சமாளிக்க வைக்கப்பட்டதல்ல.

இந்த நிலை எப்படி வருகிறது? அடிக்கடி காண்பது, ஆக்சிலரி ஹைட்ராலிக் தொடர்ந்து ஓடும்படி லாக் ஆகியிருப்பது. அட்டாச்மென்ட்டைக் கழற்றிவிட்டுப் பக்கெட் மாட்டியிருப்பார்கள், ஆக்சிலரியை நிறுத்த மறந்திருப்பார்கள். ஆயில் போக வழியில்லாமல் முழுவதும் ரிலீஃப் வழியாகச் சீறிக்கொண்டிருக்கும். எஞ்சின் லோடு எடுத்த மாதிரி இறங்கிய சத்தத்தில் ஓடும். அடுத்தது கப்ளர், அதாவது அட்டாச்மென்ட்டின் ஹோஸை வண்டியோடு இணைக்கும் பாகம். குவிக் கப்ளர் முழுதாக உள்ளே போய் லாக் ஆகாவிட்டால் உள்ளே இருக்கும் வால்வு பாதிதான் திறக்கும். அட்டாச்மென்ட் சுற்றும், ஆனால் ஆயில் நெருக்கடியில் போகும். கப்ளரைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் அதுதான் குற்றவாளி. கையால் தொடாமல், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். பிறகு அட்டாச்மென்ட்டே. ஹை ஃப்ளோ கேட்கிற மல்ச்சரையோ பிளேனரையோ சாதாரண ஃப்ளோ வண்டியில் மாட்டி நெருக்கினால் ரிலீஃப் திரும்பத் திரும்பத் திறக்கும். இதைத் தெரிந்துகொள்ள அட்டாச்மென்ட்டைக் கழற்றி, ஆக்சிலரியை நிறுத்தி, பக்கெட்டோடு அரை மணி நேரம் வேலை செய்யுங்கள். சூடு ஏறவில்லை என்றால் வண்டியில் குறையில்லை.

ஆபரேட்டர் பழக்கமும் இதில் சேரும். குவியலில் முட்டி நின்று லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது, ஆம் முழுதும் மேலே போன பிறகும் லீவரை விடாமல் வைத்திருப்பது, கான்கிரீட்டில் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்புவது எல்லாமே ஆயிலைச் சூடேற்றும். மூன்று தடவையில் முன்னும் பின்னும் போய்த் திரும்பினால் டயரும் தப்பிக்கும்.

இதெல்லாம் இல்லை என்றால் கூலருக்கு வரலாம். பல ஸ்கிட் ஸ்டீர்களில் ஆயில் கூலரும் ரேடியேட்டரும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சேரும் தூசியும் வைக்கோலும் வெளியே தெரியாது. மேலேயுள்ளதைக் கீல் வழியாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். காற்றடிக்கும்போது காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக அடியுங்கள். வந்த பக்கமாகவே அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். ஆயில் படிந்த அழுக்கென்றால் முதலில் டீகிரீசர் தெளித்து ஊறவிடுங்கள். தண்ணீர் பிரஷர் வாஷரைப் பக்கத்தில் பிடித்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் பெல்ட் தளர்வு, கூலரைச் சுற்றியுள்ள ரப்பர், ஸ்பாஞ்சு சீல்கள் கிழிந்து சூடான காற்றே மறுபடி உள்ளே வருவது ஆகியவற்றையும் பாருங்கள்.

கூலருக்குள் நடப்பதை அதன் இரு முனைச் சூடும் காட்டிக்கொடுக்கும். டேங்க் கொதிக்கிறது, கூலர் முழுவதும் குளிர்ந்திருக்கிறது என்றால் ஆயில் அதற்குள் போகவே இல்லை. பைபாஸ் வால்வு திறந்தே மாட்டியிருக்கும். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் காற்றோட்டம் இல்லை. உள்ளே வரும் ஆயில் மிகச் சூடு, வெளியே வருவது நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, ஆனால் டேங்க் மட்டும் இறங்கவில்லை என்றால் கூலருக்குள் ஓட்டம் குறைவு.

சூடான பிறகு ஐடிலில் மட்டும் சார்ஜ் விளக்கு மினுக்குகிறது, த்ராட்டில் கொடுத்தால் அணைகிறது

குளிர்ந்திருக்கும்போது கெட்டி ஆயில் தேய்மானத்தை மறைத்துவிடும். சூடானதும் மெலிந்த ஆயில் இடைவெளிகள் வழியாகக் கசியும். ஐடிலில் சார்ஜ் பம்ப் தள்ளும் அளவு குறைவு, அது கசிவுக்கே போதாமல் போகும். த்ராட்டில் கொடுத்தால் தள்ளும் அளவு கூடி, அழுத்தம் மேலே வரும். இந்த நடத்தை இருந்தால் வயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஐடில் ஆர்பிஎம் மேனுவலில் சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது குறைந்திருந்தாலே விளக்கு எரியலாம், அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. அடுத்து ஆயில் அதிகச் சூட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் மேலே சொன்ன சூட்டுப் பிரச்சினைதான் மூலம். இரண்டும் சரி என்றால் கேஜ்.

கேஜ் வைத்துப் பார்ப்பது

40 பார் வரை காட்டும் கேஜ் போதும். டிரைவ் வட்டத்தின் போர்ட்டில் இதைத் தவறி மாட்டிவிட்டால் கேஜ் வெடித்துச் சிதறும், ஆகவே மேனுவலில் சார்ஜ் போர்ட் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயில் 60 டிகிரி அளவுக்குச் சூடான பிறகு அளக்க வேண்டும். லோ ஐடிலில் ஒரு தடவை, ஹை ஐடிலில் (லோடு இல்லாமல் முழு த்ராட்டில்) ஒரு தடவை, லீவர் நியூட்ரலில். பிறகு திறந்த இடத்தில் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டும்போது ஒரு தடவை. கேஜ் ஹோஸைக் கேபினில் இருந்தபடி படிக்கக்கூடிய இடத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். வண்டி நகரும்போது பக்கத்தில் யாரும் நடந்து வரக் கூடாது.

நியூட்ரலிலேயே குறைவு என்றால் சப்ளைப் பக்கம் (பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சும் வழிதான் சக்‌ஷன்): சக்‌ஷன் ஸ்டிரெய்னர் அடைப்பு, சக்‌ஷன் ஹோஸ் உள்தோல் உரிந்து மடிந்திருப்பது, சார்ஜ் ரிலீஃப் வால்வில் தூசி மாட்டித் திறந்தே இருப்பது, கடைசியாகச் சார்ஜ் பம்ப் தேய்மானம். இந்த வரிசையிலேயே பாருங்கள், செலவு குறைந்தது முதலில் வருகிறது. ரிலீஃப் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பார்க்க அதிக நேரம் ஆகாது. அதைப் பார்க்காமல் பம்பை மாற்றியவர்கள் உண்டு, புதிய பம்பிலும் அதே விளக்குதான் எரியும். சக்‌ஷன் பக்கத்தில் வேக்குவம் கேஜ் மாட்டி, சூடான நிலையில் 0.2 பாருக்கு மேல் இழுப்பு காட்டினால் அடைப்பு உறுதி.

நியூட்ரலில் சரியாக இருந்து, ஓட்டும்போது மட்டும் சட்டென்று விழுந்தால் டிரைவ் பம்பிலோ மோட்டாரிலோ உள்கசிவு அதிகம். ஒரு பக்க லீவரைத் தள்ளும்போது மட்டும் விழுந்தால் அந்தப் பக்கம்தான். பம்பா மோட்டாரா என்று பிரிக்க, கேஸ் டிரெயின் ஹோஸில் (உள்ளே கசிந்த ஆயிலை டேங்குக்குத் திருப்பும் ஹோஸில்) வரும் ஆயிலை அளக்க வேண்டும். இடது, வலது மோட்டார்களின் கேஸ் டிரெயின் அளவுகளில் பெரிய வித்தியாசம் இருந்தால், அதிகம் வருவது கெட்டது. இதற்குச் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஓடும் வண்டியோடு வேலை பார்க்க வேண்டியிருப்பதால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

குலுங்கும்போதோ ஏற்றத்திலோ மட்டும் எரிகிறது

ஆயில் அளவு குறைவாக இருந்தால் ஏற்றத்தில் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து சக்‌ஷன் வாய் காற்றை இழுக்கும். அந்த நேரம் பம்ப் முனகும், இழுவை ஒரு கணம் விடும். முனகல் இல்லாமல் விளக்கு மட்டும் மினுக்கினால் கனெக்டர் தளர்வு. எஞ்சின் ஓடும்போது கனெக்டரையும் வயரையும் லேசாக அசைத்துப் பார்த்தாலே தெரியும், சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளி நின்று.

விளக்கு எரிகிறது, பம்ப் அலறுகிறது, ஆம் உதறி உதறி மேலே போகிறது

காற்று. ஆயில் நுரைத்திருக்கும். சக்‌ஷன் பக்கத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு என்பதால் ஓட்டை இருந்தாலும் ஆயில் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது சக்‌ஷன் ஹோஸ் கிளாம்ப்கள், ஃபில்டர் ஹெட் இணைப்பு, பம்ப் வாய் ஆகிய இடங்களில் ஒவ்வொன்றாகக் கிரீஸ் தடவிப் பாருங்கள். எந்த இடத்தில் தடவியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் இழுக்கிறது. சமீபத்தில் ஃபில்டர் மாற்றியிருந்தால் முதல் சந்தேகம் அங்கே. பழைய ரப்பர் வளையம் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை வைத்து இறுக்கியிருப்பார்கள்.

வண்டி நகரவே இல்லை, விளக்கும் எரிகிறது

ஆம் தூக்குகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். சார்ஜ் பிரஷரால் பிரேக் விடுபடும் வண்டிகளில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடித்தே இருக்கும். பாதி விடுபட்ட பிரேக்கோடு தள்ளி ஓட்டினால் பிரேக் தட்டும் எரியும், மோட்டாரும் கெடும். ஆமும் தூக்கவில்லை, வண்டியும் நகரவில்லை என்றால் ஆயில் அளவு, அல்லது எஞ்சினுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள டிரைவ் பெல்ட், கப்ளிங். பெல்ட்டில் ஓடும் பம்பு உள்ள வண்டிகளில் பெல்ட் அறுந்திருப்பதைப் பார்க்க ஒரு கவரைக் கழற்றினால் போதும்.

ஃபில்டர் மாற்றிய பிறகும் ஃபில்டர் விளக்கு எரிகிறது

ஸ்விட்ச் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய பிறகும் எரிந்தால் வயர். அணைந்தால், ஸ்விட்ச் மாட்டிக்கொண்டிருக்கிறது அல்லது புதிய ஃபில்டரே பொருந்தாதது. திரெட் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஃபில்டர் ஒன்றாகிவிடாது. மைக்ரான் அளவும் ஓட்ட அளவும் வேறாக இருக்கும்.

கழற்றிய பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். பேப்பரை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பான மென் தூசி சாதாரணம். தங்க நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் பிஸ்டன் ஷூவோ தட்டோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு: பேரிங், கியர், ஷாஃப்ட். ரப்பர்த் துணுக்கு என்றால் ஹோஸ் உள்தோல் அல்லது சிலிண்டர் சீல். கண்ணுக்குத் தெரியும் உலோகம் இருந்தால் அடுத்த ஃபில்டரைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம், கேஜ் மாட்டுங்கள்.

பம்போ மோட்டாரோ மாற்ற நேர்ந்தால்

கெட்ட பம்பின் துகள் டேங்கிலும் கூலரிலும் ஹோஸ்களிலும் இருக்கும். டேங்கைத் திறந்து துடைத்து, ஹோஸ்களைக் கழுவி, கூலரையும் சுத்தம் செய்யாமல் புதிய பம்பை மாட்டினால் அதே துகள் அதையும் தின்னும். கூலருக்குள் தங்கிய உலோகத்தை முழுதாக எடுப்பது கடினம். அதிக உலோகம் போயிருந்தால் கூலரை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து.

புதிய பம்பின் கேஸைச் சுத்தமான ஆயிலால் நிரப்பிய பிறகே முதல் ஸ்டார்ட். டீசல் வராமல் நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் சக்‌ஷன் ஹோஸ் நிரம்பும். பிறகு லோ ஐடிலில் ஸ்டார்ட் செய்து லீவர் எதையும் தொடாமல் சார்ஜ் கேஜையே பாருங்கள். 10, 15 விநாடிக்குள் ஏறவில்லை என்றால் அணைத்துவிட்டு எங்கே காற்று நிற்கிறது என்று தேடுங்கள். ஏறினால் சில நிமிடம் ஐடிலில் விட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் முழுதாக நீட்டி மடக்கி, ஆம் இறக்கி ஆயில் அளவை மறுபடி பாருங்கள், நிச்சயம் குறைந்திருக்கும். முதல் 50 மணி நேரம் ஓடியதும் ஃபில்டரை மாற்றி, அதையும் வெட்டிப் பாருங்கள். மினுமினுப்பு இல்லை என்றால் மேனுவல் சொல்லும் வழக்கமான இடைவெளிக்குத் திரும்பிவிடலாம்.